ரேகை

ஒட்டகச் சந்தைக்குப் பிரியும் ரவுண்டானாவின் நடுப்புல்லில்
இருபத்தேழு குடைகள்.
நேற்று இல்லை.
மார்ச்சுக்குப் பிறகு அல் அய்னில் வானம் துப்பக்கூட இல்லை.
கழிவுநீரைச் சுத்தம் செய்த தண்ணீர்,
நான்தான் திறந்துவிட்டேன், விடிகாலை மூன்று மணிக்கு,
வால்வு எண் ஒன்பது.

பேங்கேர் சாத்தா என்றான் மொஃபிசுல். தவளையின் குடை.
நாய்க்குடை என்றேன் நான்.
தில்பகதூர் எங்கள் இருவரையும் பார்த்து
ச்யாவ் என்றான்,
அவன் மொழியில் அது யாருக்கும் குடை பிடிப்பதில்லை.
எபனேசர் பெயரே கேட்கவில்லை.
'வறுத்தா எப்பிடி இருக்கும்?'

அவன் ஊர் கருங்கல் பக்கம்.
புற்றில் முளைப்பதைத் தேங்காய் வறுத்தரைத்து வைப்பார்களாம்.
இது அதுதான் என்று சத்தியம் செய்தான்.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி. சத்தியம் சுலபம்.

தொப்பி ஒரு சாண். வெள்ளை.
உச்சியில் பழுப்புச் செதில்கள், கருகிய அப்பளம்.
தண்டில் ஒரு வளையம், தள்ளினால் மேலும் கீழும் போகிறது,
எபனேசர் விரலில் அவன் கல்யாண மோதிரம் போல.
அடியில் செவுள்கள், தண்டைத் தொடாமல்.
நல்லதற்கும் இதே அடையாளம்.
கெட்டதற்கும்.

பூஞ்சையியலில் நான் முப்பத்திரண்டு.
பாஸ் முப்பத்தைந்து.
அந்த மூன்று மார்க்கால்தான் வால்வு திறக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.
ஆனால் ஒன்று மறக்கவில்லை:
முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, தூளைப் பார்.

ஓவர்டைம் தாளின் பின்பக்கம். அறையில் வேறு வெள்ளைத்தாள் இல்லை.
பாதியில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்,
வெள்ளைத் தூள் விழுந்தால் தெரியவேண்டுமே.
செவுள் கீழே பார்க்கத் தொப்பியை வைத்து
மேலே சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.
ஏசி காற்று படக்கூடாது.
எட்டுப் பேர் அறையில் காற்று படாத ஒரே இடம்
என் கட்டிலுக்கடியில், சூட்கேசுக்கும் சுவருக்கும் நடுவே.
தொடாதே என்று தெரிந்த மொழியிலெல்லாம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.
பறித்து வந்தவை ஐந்து.
மீதி நான்கை எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

காலையில் கிண்ணத்தைத் தூக்கினால்
அது தன்னைத்தானே வரைந்து வைத்திருக்கிறது.
நடுவில் தண்டு இருந்த வட்டம்,
அதிலிருந்து மயிர்மயிராய்க் கோடுகள்.
கருப்பில் சாம்பல்.
வெள்ளையில் பச்சை.
புல்லின் பச்சை அல்ல, பள்ளிவாசல் விளக்கின் பச்சை அல்ல,
பழைய மருதாணிப் பொடியின் பச்சை.
இப்படிப் பச்சையாய்த் தூவுவது, நான் படித்தவரை, ஒன்றுதான்.

விஷம் என்று கத்தத் திரும்பினேன்.
பாத்ரூமில் எபனேசர்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்,
வார்த்தையில்லாமல்,
ஒன்றரை மணியிலிருந்து.

என்ன சாப்பிட்டான், கேட்டார் சூடானி டாக்டர்.
அரபியில் பேர் தெரியாது. லத்தீனில் பாதிதான் ஞாபகம்.
தாளை நீட்டினேன்.
ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
வாந்தியோடு தினமும் வருகிறார்கள்,
ஆதாரத்தோடு யாரும் வந்ததில்லை என்றார்.
இரண்டு பாட்டில் ட்ரிப்.
சாயங்காலம் எபனேசர் டீ கேட்டான்.

இந்த ஊருக்குள் வரும்போது
பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தச் சொன்னார்கள்.
துடைத்துவிட்டு மறுபடி, மறுபடி.
வால்வு திருகித் தேய்ந்த என் கட்டைவிரல்
இன்றும் மெஷினுக்குப் பிடிபடுவதில்லை.
இது, யாரும் கேட்காமல்,
இருட்டில்,
சோற்றுக் கிண்ணத்துக்குக் கீழே.

தாளின் முன்பக்கத்தில் என் நாற்பத்தொரு மணி நேரம்.
சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்தார்.
'இதென்ன சீல்?'
காளான் என்றேன்.
கறை என்று எழுதி ஏழு மணி நேரம் வெட்டினார்.

வியாழன் விடிகாலை. வால்வு ஒன்பது.
பதினாறு புதிதாக.
காலால் தட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள், பார்வைக்கு அசிங்கமாம்.
தட்டினால் தூள் பறக்கும்,
பறந்த இடமெல்லாம் முளைக்கும்.
அதையும் படித்திருக்கிறேன்.

தட்டினேன்.